தூரமா என்று கேட்டிருக்கலாம்

மாரண்டஹள்ளி,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி மாதவராஜ் அவர்களுக்கு (அப்படி அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருந்தால்), ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் வீரமணி தலைகுனிந்து எழுதுவது. இங்கே என்னைத் தவிர அனைவரும் நலம். பென்னாகரத்தில் தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும், வேனில் வந்து வெறுமனே திரும்பிய உறவினர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை என் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு வந்து, தாம்பூலத் தட்டு மாற்றப் பெண்ணைப் பெற்றவன் இல்லாமல், கொண்டுவந்த தட்டுகளோடு திரும்பிப் போனீர்கள். ரயில் தாமதம் என்று என் மனைவி அமுதவல்லி தங்களிடம் சொன்னாளாம். அது பொய். ரயில் நேரத்துக்குத்தான் போனது. நான்தான் அதில் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களோடு டெல்லி, ஆக்ரா, சிம்லா என்று சுற்றிவிட்டு, பயணத்தின் கடைசி நாளான வியாழக்கிழமை சென்னையில் என் அக்கா மகன் நவநீதன் குடியிருப்பில் இருந்தேன். மத்தியான ரயிலைப் பிடித்தால் ராத்திரி மொரப்பூர், விடிந்தால் நிச்சயம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டப் போனேன், வாட்ச்மேன் எழுந்து நின்று, "சார், எங்க போறீங்க?" என்றான். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனை அப்படிக் கேட்கலாமா? நம் பக்கத்தில் பகையாளிகூட "தூரமுங்களா?" என்றுதானே கேட்பான்? அட, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் பாடம் எடுத்தவன் நீதானே, நட என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கால் நகரவில்லை. என் காரியமென்றால் ஊரே கூடிக் கேட்கட்டும், போயிருப்பேன். பெண் காரியமாச்சே. ஒரே பெண்ணுங்க. திரும்பி மேலே போய்க் குந்தி, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினேன். மறுபடியும் கேட்டான். "இப்பத்தானப்பா கேட்ட?" என்றால், "பெட்டியோட எத்தன தடவ போனாலும் கேக்கணும் சார், அசோசியேஷன் ரூல்" என்கிறான். மறுபடி மேலே, மறுபடி தண்ணீர். அடுத்த முறை அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது பூனை மாதிரி நழுவி, நவநீதன் போனில் வரவழைத்த காரில் ஏறப் போனால், டிரைவர் கண்ணாடியை இறக்கி, "எங்க சார் போகணும்?" என்றான். "அதான் உன் போன்லயே இருக்குமே, பாத்துக்கப்பா" என்றேன். "வாயால சொன்னாத்தான் வண்டி எடுப்பேன்" என்றான் பாவி. குடித்த தண்ணீரெல்லாம் சேர்ந்து வேறு ஒரு அவசரத்தைக் கொடுக்க, அதற்கும் மேலே போய்வர வேண்டியதாயிற்று. ரயில் போய்விட்டது.

சாயங்காலம் நவநீதன் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனான். அங்கே நாலு பேர் கையைப் பிடித்து இழுத்து, "எங்க சார், சேலமா? மதுரையா? எங்க சார் போறீங்க?" என்று மொய்த்துவிட்டார்கள். நான் பைக்கில் திரும்ப ஏறிக்கொண்டேன். "மாமா, நீங்க சயின்ஸ் வாத்தியாருதான?" என்று நவநீதன் மெதுவாகக் கேட்டான். செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு உறைத்திருக்காது. வெள்ளி விடிகாலையில் என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக் கூட்டிப்போய் பஸ்ஸில் உட்கார வைத்தான்.

நான் ஊருக்குள் நுழையும்போது தங்கள் வேன் எதிரே வந்தது. முன் சீட்டில் தங்களைப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். வெட்கத்தில், செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வேன் போன பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் வந்த அன்று, பல்லி சத்தமிட்டது என்று தாங்கள் பேச்சைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னீர்கள். "பல்லிக்கு நம்ம சம்பந்தத்தைப் பத்தி என்னாங்க தெரியும்?" என்று ஆரம்பித்து, தங்கள் வூட்டிலேயே தங்களுக்கு வகுப்பு எடுத்தேன். தாங்கள் எனக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுக்கச் சொன்னீர்கள். அந்தக் காபி இப்போதுதான் சுடுகிறது.

எழிலரசி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பன் செய்த கூத்துக்கு அவளை வேண்டாமென்று சொல்லிவிடாதீங்க. இன்னொரு நாள் மட்டும் குறித்துச் சொல்லுங்க. அஷ்டமியோ நவமியோ, ராகுகாலமோ எமகண்டமோ, எதுவானாலும் சரி. பூனை குறுக்கே படுத்துக் கிடந்தாலும் தாண்டிக்கொண்டு, முறை கெட்டாலும் பரவாயில்லை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நானே பென்னாகரம் வந்து நிற்பேன். இந்த ஜென்மத்தில் இனி சகுனம் பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளையின் முகத்தில் விழிக்கும் தைரியம் வரும்வரை அவருக்கு ஆசிகளை இப்படித் தாளிலேயே அனுப்புகிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
வீரமணி.

பி.கு.: இதைத் தபாலில் போட எழில் கிளம்பினாள். நான் வாய் தவறி, "எங்கம்மா போற?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டதும் எனக்கே பகீரென்றது, "கொஞ்சம் குந்திட்டுப் போம்மா" என்று கெஞ்சினேன். திரும்பி வந்தாள், தண்ணீரும் கொண்டுவந்தாள். ஆனால் சொம்பை என்னிடம் நீட்டி, "நீங்களே குடிங்க" என்றாள். குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் நின்றுகொண்டு, "அஷ்டமி இல்லாத நாளாப் பாத்துச் சொல்லச் சொல்லி ஒரு வரி சேருங்கப்பா. இல்லாட்டி இந்தத் தடவையும் உங்க கால் கிளம்பாது" என்கிறாள். சேர்த்துவிட்டேன்.