ஒற்றுமையரும் இரண்டு தாடி ஓணான்களும்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் தமிழர் காலடி வைத்த நாள் முதல் இன்றுவரை, ஒற்றுமையின் பெயரால் இத்தனை பேரின் நிம்மதியைக் கெடுத்தவர் அவரைப் போல இன்னொருவர் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் பெர்மெஸ்ஸோ என்கிற அந்த வதிவிட அனுமதிப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. முகத்துக்கு முன்னால் 'அண்ணை' என்போம். முதுகுக்குப் பின்னால் அவர் ஒற்றுமையர்.

தொண்ணூறுகளின் கடைசி. அல்பெர்கேரியாவில், பலாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் ஐந்து ஆண்கள் குடியிருந்தோம். வீட்டில் இரண்டு அறைகள். ஐந்து பேரும் படுத்தது ஒரே அறையில். மற்ற அறை பூட்டிக் கிடந்தது. அதற்குள் அரிசி மூட்டையும் எங்கள் சூட்கேஸ்களும் காலை நீட்டிக்கொண்டு வசதியாக இருந்தன. வந்து சேர்ந்த முதல் வாரமே, தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, அந்த அறை சும்மாதானே கிடக்கு. ரெண்டு பேர் அங்கை படுத்தால் என்ன?"

"தம்பி, அறை பிரிஞ்சால் மனம் பிரியும். எங்கடை சனம் அழிஞ்சதே உதாலைதான்."

படுக்க ஓர் இடம் கேட்டதற்கு ஓர் இனத்தின் அழிவையே என் தலையில் கட்டிவிட்டார்.

அந்த ஒற்றுமையில் அவருடைய பங்கு எப்போதும் கொஞ்சம் பெரிது. வீட்டில் இருந்த ஒரே ஹீட்டருக்கு நேர் முன்னால் அவருடைய கட்டில். கடைக்குட்டியான என்னுடையது பால்கனிக் கதவோரம். சனவரிக் காற்று உள்ளே வரும்போது முதலில் என்னைத்தான் விசாரித்துவிட்டு வரும். பாய்லரில் ஒருவர் குளிக்கத்தான் சுடுநீர் இருக்கும். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுக்கு ஐவரும் ஒன்றாக உட்கார்ந்தே தீரவேண்டும். மீன் குழம்பில் தலையையும் நடுத்துண்டையும் அவர் போட்டுக்கொண்ட பிறகு சட்டி சுற்றி வரும். என்னிடம் வரும்போது அதில் ஒற்றுமை மட்டும் மிஞ்சியிருக்கும்.

கெட்ட எண்ணத்தில் அவர் இதைச் செய்தார் என்று சொல்லமாட்டேன். கெட்ட எண்ணத்துக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

அவருக்கு லிபெர்த்தா என்கிற பணக்காரப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. அந்த அம்மாவின் மகன் படிக்கவென்று வடக்கே போனான். போனவன் இரண்டு ஓணான் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போனான். ஆஸ்திரேலியச் சாதி. கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரி முள் இருக்கும். கோபம் வந்தால் தாடி ஊதிக் கறுக்கும். ஊரில் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடுகிற ஆட்கள் நாங்கள். இதைக் காசு கொடுத்து வாங்கி, விளக்குப் போட்டு, சூடு காட்டி வளர்க்கிறார்கள் என்று கேட்டபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சிஞ்ஞோராவோ, வீட்டில் அதுகள் இருக்கவேண்டும் அல்லது தான் இருக்கவேண்டும் என்று அலறியிருக்கிறார். ஒற்றுமையர் கண்ணாடித் தொட்டியைக் கட்டில் விரிப்பால் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பல்லி அடிக்கக்கூடப் பயந்த மனிதர், ஒரே நாளில் ஓணான் வளர்ப்பில் பேராசிரியர் ஆனார்.

அந்தப் பையன் இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வைத்திருந்தானாம். இவர் கொண்டுவந்தது ஒரு தொட்டியைத்தான்.

"மற்றத் தொட்டி எங்கை அண்ணை?"

"அது என்னத்துக்கு? ஒரு தாய் வயித்துச் சகோதரங்கள். அதுகளைப் போய்ப் பிரிச்சு வைச்சிருக்கிறான். இந்தச் சிசிலிக்காரருக்குக் குடும்பம் எண்டால் என்னெண்டு தெரியாது."

சிசிலிக்காரருக்குக் குடும்பம் தெரியாது என்று உலகத்தில் முதன்முதலாகச் சொன்னவர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் நீளம் கூட. பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்தார். மூன்றாம் நாளே வீடு அதிரக் கூப்பிட்டார்.

"ஓடி வாங்கோ! எல்லாரும் ஓடி வாங்கோ!"

ஓடினோம். தொட்டிக்குள் பெரியவன் தலையைப் படபடவென்று மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற சின்னவன் ஒரு முன்கையைத் தூக்கி, மெதுவாக ஒரு வட்டம் போட்டு இறக்கியது. திரும்பத் தூக்கியது, திரும்ப வட்டம் போட்டது.

"பாத்தியளே! தம்பி அண்ணனுக்கு வணக்கம் சொல்லுது. அண்ணன் தலையாட்டி ஏற்றுக்கொள்ளுது. உதிலை கிடக்கிற மரியாதை உங்கள் ஒருத்தரிட்டையும் இல்லை."

அதன் பிறகு அந்தத் தொட்டி எங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. விளக்குக்குக் கீழே சூடான கல் ஒன்று உண்டு. பெரியவன் அதில் கிடந்த சின்னவனின் முதுகில் ஏறி, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. "கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்குதுகள்" என்று ஒற்றுமையர் கண் கலங்கினார். நான் கீழே கிடந்ததன் முகத்தைப் பார்த்தேன். பால்கனிக் கதவோரம் படுக்கிறவனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

சாப்பாடும் அப்படித்தான். கடையில் வாங்கிய சில்வண்டுகளையும் சந்தையில் பொறுக்கிய கீரையையும் ஒரே தட்டில் வைத்தார். "ஒரு கோப்பையிலை சாப்பிட்டால்தான் பாசம் வரும்." கீரை அசையாமல் கிடந்தது. சில்வண்டுக்கு அந்தப் புத்தி இல்லை. பாதி பெரியவனின் வயிற்றுக்குள் போனது. மீதி பாய்ந்து எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறி, இரண்டு மாதம் வாடகை இல்லாமல் பாடியது. சின்னவன் மூலையில் நின்று கையைத் தூக்கி வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பார்த்தால் சின்னவனின் வால் நுனியைக் காணோம். ஒரு கால்விரலையும் காணோம். ஒற்றுமையர் எங்களை வரிசையாக நிறுத்தி விசாரணை வைத்தார்.

"தொட்டிக் கண்ணாடியை ஆர் பார்க்காமல் இழுத்துப் பூட்டினது?"

எங்களோடு இருந்த மன்னார்க்காரர் அருளப்பு மடு மாதா மீது சத்தியம் செய்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாததால் மின்கட்டண ரசீது மீது செய்தேன். நால்வரையும் அவர் சந்தேகப்பட்டார். ஐந்தாவது ஆள் கல்லின் மேல் வயிறு புடைக்கக் கிடந்து, விசாரணையைத் திருப்தியோடு கவனித்துக்கொண்டிருந்தது. அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு சின்னவன் சாப்பாட்டை விட்டது. உடம்பு கறுத்தது. இடுப்பெலும்பு துருத்தியது. ஒற்றுமையர் வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றாமல் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"எலும்பு தெரியுது, பாருங்கோ. சின்னவன் செத்துதெண்டால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்."

நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு கணம் எங்கள் மனம் சின்னவனுக்கு எதிராகப் போனது உண்மை. பிறகு பார்த்தால் மனிதர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, கையில் அது இருந்தது.

கடைசியில் நேர்த்தி வைத்தார். பலெர்மோவில் சைவமோ கிறிஸ்தவமோ, தமிழனுக்கு ஒரு கஷ்டம் என்றால் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா மாதாவின் குகைக் கோயில். ஆள் பிழைத்தால் வெறுங்காலோடு ஏறுவேன் என்றுதான் எல்லாரும் வேண்டுவார்கள். இவர், பிழைக்க முதலே சின்னவனையும் கொண்டு வெறுங்காலோடு ஏறுவேன் என்று வேண்டிவிட்டார். அடுத்த ஞாயிறு, ஓட்டை போட்ட சப்பாத்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். சில்வண்டுப் போத்தலைத் தூக்கிக்கொண்டு, அவருடைய வற்புறுத்தலில் நானும் வெறுங்காலோடு பின்னால். "மாதாவிட்டை ஓணானைக் கொண்டு போறியளோ?" என்று அருளப்பு சிலுவை போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி வந்தார்.

சித்திரை மாத வெயில். கோயில் வாசற்படியில் பெட்டியைத் திறந்தோம். சின்னவன் வெளியே வந்து, சூடான கல்லில் வயிற்றைப் பரப்பிக் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு நான் விட்ட சில்வண்டைப் பிடித்தது. இன்னொன்றைப் பிடித்தது. பதினொன்று தின்றது. ஒற்றுமையர் அங்கேயே விழுந்து கும்பிட்டார். ஜெபமாலையோடு வந்த இரண்டு பலெர்மோக் கிழவிகள் என்ன அற்புதம் என்று விசாரித்து, தாங்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அற்புதத்தைக் கொண்டுபோய்ப் பெரியவனுடைய தொட்டிக்குள்ளேயே விட்டார். புதன்கிழமை பழைய கறுப்பு, பழைய மூலை.

அடுத்த ஞாயிறு திரும்ப மலை. சின்னவன் ஒன்பது தின்றது. திரும்ப வீடு, திரும்பப் பட்டினி. "மாதா கிழமைக்கு ஒருக்கால் வரச் சொல்லுறா" என்று ஒற்றுமையர் விளக்கம் சொன்னார். வெறுங்காலில் நடந்து அவருக்குக் குதிக்கால் வெடித்திருந்தது. என் குதிக்காலும் வெடித்திருந்தது, அதைப் பற்றி மாதாவிடம் யாரும் சொல்லவில்லை.

நான் சில்வண்டு விற்கிற கடைக்காரக் கிழவரிடம் போய், நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கை தூக்கி வட்டம் போடுவது வணக்கம் இல்லையாம். 'நீ பெரியவன், நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே' என்று கெஞ்சுவதாம். மேலே ஏறிப் படுப்பது பாசம் இல்லையாம். சூட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதாம். விரலைத் தின்றது யார் என்று இன்னுமா தெரியவில்லை, பிரித்து வை, இல்லாவிட்டால் ஒன்று சாகும் என்றார்.

வந்து சொன்னேன். ஒற்றுமையர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவன் தொட்டி விக்கப் பாக்கிறான், தம்பி. நீர் உடனை நம்பியிட்டீர்."

மூன்றாவது ஞாயிறு குகைக்குள் நின்றோம். பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் வாங்கி ஓரமாகக் கொண்டுபோகும் இடம் அது. பெட்டிக்குள் சின்னவன் மூச்சு விடுவதே பெரிய விஷயமாக இருந்தது. இன்னொரு கிழமை தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எனக்கு வந்த கோபத்தில் கேட்டேன்.

"அண்ணை, உந்த மாதா ஆர்?"

"என்ன விசர்க் கேள்வி? ஊரையே கொள்ளை நோயிலையிருந்து காப்பாத்தினவ."

"அதுக்கு முதல் எங்கை இருந்தவ?"

"பெரிய இடத்துப் பிள்ளை. வீடு வாசலை விட்டிட்டு இந்தக் குகையிலை வந்து தனிய இருந்தவ."

"தனியவோ?"

"ஓம், தனிய."

"ஏன் அண்ணை, குடும்பத்தோடை ஒற்றுமையாய் இருந்திருக்கலாமே?"

அவர் பெட்டிக்குள் குனிந்து சின்னவனைப் பார்த்தார்.

"மூண்டு கிழமையாய்ச் சின்னவனைத் தனிய இஞ்சை கொண்டரப் பண்ணி, இஞ்சைதான் சாப்பிடப் பண்ணுறா. மாதா என்ன சொல்லுறா எண்டு இன்னும் விளங்கேல்லையோ?"

மலையிறங்கி வீடு வந்தோம். வந்ததும் அவர் திறப்பை எடுத்து இரண்டாவது அறையைத் திறந்தார். அரிசி மூட்டையைத் தானே இழுத்து வெளியே போட்டார். தொட்டியை விளக்கோடு உள்ளே கொண்டுபோய், சின்னவனை அதில் தனியாக விட்டார். பெரியவன் அன்றைக்குச் சலவை வாளிக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. மறுநாள் சிஞ்ஞோரா வீட்டிலிருந்து மற்றத் தொட்டியும் வந்தது.

"தம்பி, உம்மடை கட்டிலைத் தூக்கி இந்த அறைக்குள்ளை போடும்."

"ஏன் அண்ணை?"

"சின்னவன் தனியப் பயப்பிடும்."

"தனிய இருக்கட்டும் எண்டுதானே பிரிச்சது?"

"விசர்க்கதை கதையாதையும். கட்டிலைத் தூக்கும்."

அன்று சாப்பாட்டில் சட்டி சுற்றி வரவில்லை. அவர் எழுந்து வந்து மீனின் நடுத்துண்டை என் தட்டில் போட்டார். "சாப்பிடும். எலும்பு தெரியுது" என்றார். நக்கலாக ஒன்று சொல்ல நினைத்தேன், அதற்குப் பதிலாகத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன்.

சின்னவன் தேறியது. ஆறு மாதத்தில் பெரியவனையே மிஞ்சிவிட்டது. வீடும் மெல்லப் பிரிந்தது. ஒருவன் வடக்கே போனான், அருளப்பு குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார், மற்றவன் வேலையோடு தங்கப் போனான். இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம். வேறு வீடு பார்த்தேன். புறப்படும்போது ஒற்றுமையர் சின்னவனைத் தொட்டியோடு என் கையில் தந்தார். ஊரிலிருந்து வந்து இறங்கிய என் மனைவி எங்கள் வீட்டில் முதலில் பார்த்த முகம் அதுதான். அந்த விஷயம் இன்னும் எங்களுக்குள் முடியவில்லை.

தொட்டியோடு சந்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடிப் பால்கனியில் அவர் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு அறைகளும் திறந்து கிடந்தன, படுக்க ஆள் இல்லை. ஒரு கையைத் தூக்கினார். மெதுவாக ஒரு வட்டம் போட்டு இறக்கினார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் நான்தான் சொல்லியிருந்தேன். தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்கோ! நடுத்துண்டு உங்களுக்குத்தான்!"

சந்தைக்காரர்களின் கூச்சலில் அது அவருக்குக் கேட்டதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே வந்தார். வந்தவர் எங்கள் வீட்டு ஹீட்டருக்கு நேர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்காது.