இல்லாத நுரையீரலில் இருந்த தூசி

உறிஞ்சுசாமியின் கொட்டகை முன்னால் விடிந்ததுமே கூட்டம் முண்டியடித்தது. பாதிப்பேர் இருமினார்கள். மீதிப்பேர் இருமுகிறவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் தொழிற்சாலையில் தூசி தின்று பிழைத்தவர்கள்.

சாமி நெஞ்சின்மேல் ஈரத்துணியை விரிப்பார், குழாயை வைத்துக் கன்னம் குழிய உறிஞ்சுவார், கிண்ணத்துத் தண்ணீரில் துப்புவார். சாம்பல்நிறத் தூசி மிதக்கும். சட்டையைக்கூடக் கழற்ற வேண்டாம், அவ்வளவு சக்தி. கொட்டகை போட்டுக் கொடுத்தது தொழிற்சாலை நிர்வாகம். தொழிலாளிகள் முகமூடி கேட்டார்கள், நிர்வாகம் சாமியாரைக் கொடுத்தது. கொட்டகைக் கூரையும் அதே ஷீட்தான். பக்தர்களுக்குத் தட்டுப்பாடு வராது.

நெஞ்சறுவை டாக்டருக்கு இந்த மகிமை தெரியவந்தது ஒரு காலியான கட்டிலால். அன்று அறுவைக்குச் சேர வேண்டிய ஷீட் வெட்டுகிறவர் வரவில்லை. அவர் மனைவி மட்டும் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு வரமாட்டேங்குறாரு டாக்டர். சாமி உறிஞ்சினா கட்டி கரைஞ்சிடுமாம்."

"கட்டி இப்ப சின்னதும்மா. இப்பவே எடுத்தா பிழைக்க வழியிருக்கு. பரவிட்டா என் கத்திக்கு அங்க வேலையில்ல."

"அதை நீங்களே வந்து சொல்லுங்க."

டாக்டர் முப்பது வருடமாக நெஞ்சைத் திறந்து பார்க்கிறவர். அந்த ஆஸ்பெஸ்டாஸ் நார்த்தூசி உள்ளே போய்க் குத்திக்கொண்டால் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஆளையே பலி கேட்கும் என்று அவருக்குத் தெரியும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பாதி சாமிமேல், பாதி நிர்வாகத்தின்மேல். பரிசோதனைக்கு வந்திருந்த, தொழிற்சாலையின் முன்னாள் லாரி ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு அவளோடு கொட்டகைக்குக் கிளம்பினார்.

ஓட்டுநர் சாமி முன்னால் உட்கார்ந்தார். "இடப்பக்கம் கொஞ்சம் பாருங்க சாமி."

சாமி உறிஞ்சினார், துப்பினார், தலையை ஆட்டினார். "இடது நுரையீரல் பூரா தூசி. இன்னும் மூணு தடவை வரணும்."

"இடதுதானே? நல்லாப் பாத்துட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"என் உதடு பொய் சொல்லாது."

ஓட்டுநர் சட்டையைக் கழற்றினார். அக்குளுக்குக் கீழிருந்து முதுகு வரை நீளமான தழும்பு.

"அந்த நுரையீரல்ல புற்றுநோய். போன வருஷம் நான்தான் முழுசா எடுத்தேன்" என்றார் டாக்டர்.

கூட்டம் தழும்பைப் பார்க்க முண்டியது. ஒரு பக்தர் மட்டும் பரவசமானார். "இல்லாத நுரையீரல்லயே இவ்வளவு எடுத்தாரே, இருக்கறதுல எவ்வளவு எடுப்பாரு."

"வாயைத் திறங்க சாமி," என்றார் டாக்டர்.

சாமி அந்த நிமிடமே மௌன விரதம் பூண்டார். கன்னத்தில் இருந்ததை அவசரமாக விழுங்கப் பார்த்தார், புரையேறியது. சாமிக்கே இருமல். இருமலோடு சாம்பல் பொட்டலம் ஒன்று கிண்ணத்தில் வந்து விழுந்தது.

வரிசையிலிருந்து ஷீட் வெட்டுகிறவர் எழுந்தார். "அறுத்தா நிச்சயம் பிழைப்பேனா டாக்டர்?"

"நிச்சயம்னு சொல்றது அவர் தொழில். நல்ல வாய்ப்பு இருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஷீட் வெட்டுகிறவர் கிண்ணத்தில் கிடந்த பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு டாக்டரோடு நடந்தார்.

"அப்ப நாங்க என்ன செய்யறது?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

டாக்டர் திரும்பினார். "இந்தக் கூட்டம் முகமூடி கேட்டுத் தொழிற்சாலை வாசல்ல நின்னிருந்தா எனக்குப் பாதி வேலை இருந்திருக்காது. உங்க நெஞ்சைத் திறக்க நான் இருக்கேன். தலையை நீங்கதான் திறக்கணும்."