விரால் சம்பந்தியின் வெள்ளைத் துண்டு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மனிதர்களை ‘ஏலே’ என்றும் மீன்களை ‘அவர்கள்’ என்கிற மரியாதையோடு ‘அவிய’ என்றும் சொன்ன ஒரே பிறவி எங்கள் கண்மாய்க் காவல்காரர்தான். ஊர் முன்சீப்புக்கே அவரிடம் ‘ஏலே’தான். சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட வேண்டிய மரியாதையை விராலுக்குக் காட்டியதால் விரால் சம்பந்தி என்று பெயர்.

“அவியளுக்குப் புத்தி இல்லைன்னு எவம்லே சொன்னது? ஒருத்தரு வாலை அசைச்சாப் போதும், அம்புட்டுப் பேருக்கும் சேதி போயிரும்!”

தலையாட்டிவிட்டு நழுவப் பார்த்த என்னை ஒருநாள் கரைக்கு இழுத்துப் போனார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அப்படியும் இப்படியும் வீசினார். விராலும் கெண்டையும் கெளுத்தியும் வாயைப் பிளந்துகொண்டு அவர் காலடிக்கு வந்துவிட்டன! மடியிலிருந்த சோளச் சோற்றை உருட்டிப் போட்டார்.

“மீன்பிடி அன்னைக்குப் பாருலே, ஒருத்தரும் சிக்க மாட்டாக. நான் சொல்லிவச்சிருக்கேன்” என்றார்.

கோடையில் தண்ணீர் குறைந்ததும் மீன்பிடித் திருவிழா வந்தது. சேத்தூர், தளவாய்புரம் ஆட்கள்கூடக் கூடையோடு கரையில் நெருக்கினார்கள். முன்சீப் துண்டை வீசிய பிறகுதான் இறங்கலாம் என்பது ஊர் வழக்கம். அவர் துண்டும் வெள்ளைதான்.

வீசினார். கண்மாயிலிருந்த மொத்த மீனும் கரைக்கு ஓடி வந்தது.

“ஏலே முன்சீப்பு, துண்டைக் கீழ போடுலே! சோறுன்னுல்லா வாராக!”

சம்பந்தி தண்ணீருக்குள் விழுந்து கையால் விரட்டினார். விரட்டிய கையிலேயே மீன்கள் சோறு தேடின. கூட்டம் சிரித்துக்கொண்டே அள்ளியது. நானும் அள்ளினேன். அன்று ஊரெல்லாம் மீன் குழம்பு வாசம். சம்பந்தி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மழை பெய்து கண்மாய் நிறைந்தது. தப்பித்த மீன்கள் குஞ்சு பொரித்தன. தினமும் சம்பந்தி கரையில் நின்று துண்டை வீசினார், கூடவே கல்லையும்!

“போங்க! என்னைய நம்பாதீக! போங்க!”

எறிந்துகொண்டே அழுதார். கிறுக்கு முற்றிவிட்டது என்று முன்சீப் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த மீன்பிடியில் துண்டு பறந்ததும் கண்மாயில் ஒரு சலனம் இல்லை. ஆள் நிற்க முடியாத மடைப் பள்ளத்துக்குள் அத்தனையும் போய்விட்டன. கல் விழுந்தது கரையோர மீன்களுக்குத்தான். மற்றவற்றுக்கு யார் சொன்னது? மாலைவரை சேற்றைக் கலக்கியும் எனக்குக் கிடைத்தவை சில நண்டுகள்.

“பாத்தியாலே? சொல்லிட்டாக!” என்று சம்பந்தி குதித்தார். கூட்டம் கலைந்ததும் ஆசை பொறுக்காமல் ஒரு சோற்றுருண்டையைத் தண்ணீரில் போட்டார். எதுவும் வரவில்லை. அது கரைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வெறுங்கூடையோடு வீடு திரும்பிய என்னிடம், “மீன் எங்க?” என்றாள் மனைவி.

“அவிய வரலைட்டி” என்றேன்.