சல்லடைக்கு வைத்த பொட்டு

ஒழுங்கில்லாதவர்கள் தப்பு செய்தால் அது தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒழுங்கானவர்கள் செய்யும் தப்புதான் ஆபத்து. அது கண்டுபிடிப்பு மாதிரியே இருக்கும்.

நான் ஒழுங்கானவள். என் சமையலறையில் டப்பாக்கள் அகர வரிசையில் நிற்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து டைரி எழுதாமல் படுத்ததில்லை. (காய்ச்சல் வந்த நாட்களில் காய்ச்சலைப் பற்றி எழுதியிருக்கிறேன்.) அப்படிப்பட்ட நான், என் முதல் வேலையில், இல்லாத ஓர் ஈயச் சுரங்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

அப்போது எங்கள் வீடு தாராவியில். கீழே அப்பாவின் பட்டறை, மேலே நாங்கள். பெல்ட்டுக்கு பக்கிள் அடிக்கும் பிரஸ் கீழே தட்டத் தட்ட, மேலே என் தட்டில் இட்லி நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நிலவியல் படித்து முடித்தேன். பெண் பிள்ளையைக் காடு மேடெல்லாம் அனுப்பலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, “எம்மவ கல்லப் பாத்தே காலத்தச் சொல்லுவா, ஒங்களுக்கென்ன?” என்று அப்பா அவர்களிடம் மல்லுக்கு நின்றார். அந்த வேலை போனால் எனக்குச் சம்பளம் போகும். அப்பாவுக்குத் தெருவில் தலை போகும்.

வேலை செம்பூரில், ஒரு சிறிய கனிமத் தேடல் கம்பெனியில். விதர்பா பக்கம் ஒரு வறண்ட மேட்டுநிலத்தை ஆய்வுக்காகக் குத்தகை எடுத்திருந்தார்கள். அங்கே போய் வரிசை வரிசையாகக் குழி தோண்டி, முழங்கை ஆழத்து மண்ணை எடுத்து, சல்லடையில் சலித்து, நுண்ணிய மண்ணை மட்டும் பையில் கட்டி எண் போட வேண்டும். லேபில் அதைச் சோதிப்பார்கள். ஒரு லாரி மண்ணில் ஒரு டம்ளர் ஈயம் கலந்திருந்தாலும் அந்த மெஷின் காட்டிக் கொடுத்துவிடும். எங்கே அளவு கூடுகிறதோ அதன் அடியில் சுரங்கம் இருக்கலாம்.

மேலதிகாரி ராமநாதன் சார். மாட்டுங்காவாசி, பூர்வீகம் பாலக்காடு. சேர்ந்த அன்றே என் கையைப் பார்த்தார்.

“வளையலைக் கழட்டு. மோதிரம் கூடாது. நெயில் பாலிஷ் கூடாது. பவுடர் கூட வேண்டாம். உம்மேல இருக்கறது மண்ணுல விழுந்தா மண்ணு பொய் சொல்லும். புரியறதா?”

“புரியுது சார்.”

“இதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். மாதிரி மண்ணுல வேணும்னே செப்புத் தூளைக் கலந்தான். எங்க தொழில்ல அதுக்குப் பேரு உப்புப் போடறது. நேரா போலீஸ்ல கொண்டு போய் விட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதிரி எடுக்க அவர் கொடுத்த சல்லடையும் கரண்டியும் பிளாஸ்டிக், வலை நைலான். உலோகமே ஆகாதாம். அம்மாவுக்குச் சல்லடையைப் பற்றிக் கவலை இல்லை, என் கையைப் பார்த்துத்தான் கலங்கினாள். “மொட்டக் கையோட போவியாக்கும்? பாக்குதவ என்ன நெனப்பா?”

முதன்முதலாக நான் தனியாகப் பொறுப்பெடுத்துப் போகவேண்டிய பயணம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அமைந்தது. பூஜை அன்று கடைக்குப் போய்விட்டு வந்தேன். பட்டறையில் பிரஸ், சுத்தியல், அரம், தராசு, அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. வரிசையின் கடைசியில், வெட்கப்பட்டு நிற்கும் புது மருமகள் போல, என் சல்லடையும் கரண்டியும். சல்லடையின் சட்டத்தைச் சுற்றிலும் பளிச்சென்று ஆரஞ்சுச் சிவப்பில் பொட்டுகள்.

“அம்மா! இதுல எதுவும் படக்கூடாதும்மா!”

“ஒனக்குச் சோறு போடுதது அதுதான? அதுக்குப் பொட்டு வைக்காண்டாமா?”

துணியை எடுத்தேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். “பூச முடியாம தொடைக்காத பிள்ள. போற எடம் வேற புது எடம்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை வீழ்த்தியது. புது இடம், தனிப் பயணம், பாம்பு, தேள் என்று ஏற்கெனவே எனக்கு உள்ளூர நடுக்கம். இடத்துக்குப் போனபிறகு சட்டத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். கழுவவில்லை. கழுவினால் பூஜையைக் கழுவினது மாதிரி ஆகுமே என்று ஒரு பயம். கரண்டிப் பிடியின் உட்புறம் இருந்த ஒரு பொட்டைத் தெரிந்தே விட்டுவைத்தேன். (இருக்கட்டும், துணைக்கு!) விஞ்ஞானத்துக்கு ஒரு துணி, சாமிக்கு ஒரு பொட்டு. இரண்டு பேரையும் திருப்திப்படுத்திவிட்டதாக நினைத்தேன். வலையும் சட்டமும் சேரும் இடுக்கைப் பார்க்கவே இல்லை.

பாம்பு வரவில்லை. தேள் வரவில்லை. பொட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேலைதான் செய்துகொண்டிருந்தது.

லேப் முடிவுகள் வந்த அன்று ராமநாதன் சார் என்னைக் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. மேசை முழுக்க வரைபடம். அதில் சிவப்புப் பென்சிலால் தீட்டியிருந்தார்.

“பாரு! வடக்கு மேட்டுல உச்சம். தெற்க வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக் குறையறது. புகை அடுப்புலேர்ந்து பரவற மாதிரி. அடுப்பு எங்க இருக்குன்னு நோக்குத் தெரியறதா?”

எனக்குத் தெரிந்தது. வடக்கு மேட்டில்தான் நான் முதல் குழி தோண்டினேன். அங்கிருந்து வரிசை மாறாமல் தெற்கே இறங்கினேன். அவர் சிவப்பில் தீட்டியிருந்தது ஈயம் பரவிய பாதை அல்ல. நான் நடந்த பாதை. சல்லடை இடுக்கிலிருந்த பொட்டு உதிர்ந்து உதிர்ந்து தீர்ந்த பாதை. வேறு யாராவது கண்டபடி அலைந்து மண் எடுத்திருந்தால் எண்களும் கண்டபடி வந்து, சந்தேகம் வந்திருக்கும். நான் ஒழுங்கானவள் ஆயிற்றே!

“துத்தநாகம் ஒண்ணுமே கூடலையே சார்?” என்றேன். ஈயம் இருந்தால் பெரும்பாலும் துத்தநாகமும் கூட இருக்கும்.

“மழையில கரைஞ்சு போயிருக்கும்.”

“சார், சல்லடை...”

“சல்லடை பிரமாதமா பண்ணிருக்கே! வெள்ளிக்கிழமை முதலாளி வரார். துளை போடற மெஷினுக்குக் கையெழுத்துப் போடப் போறார். மூணு வருஷமா மண்ணை அளைஞ்சிண்டிருக்கேன், சாந்தி. ஆத்துல எல்லாரும் என்னை மண்ணுமாமான்னு கூப்பிடறா. இனிமே கூப்பிடட்டும், பாக்கறேன்!”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. காரணம் வேறு. என் காதில் ஒரே வாக்கியம் ஓடியது: நேரா போலீஸ்ல கொண்டு போய் விட்டேன்.

குர்லாவில் வண்டி மாறும்போது பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர் என்னைக் கடந்து போனார். டீ குடிக்கத்தான் போனார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். சயானில் இறங்கி வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, “அந்தக் குங்கும டப்பா எங்கே?” என்று கேட்டேன். கையில் வாங்கியதும் கை இறங்கியது. குங்குமம் அப்படிக் கனக்காது.

“எப்பவும் வாங்குத குங்குமம் தீந்துபோச்சு. மார்க்கெட்டுல செந்தூரம்னு கொடுத்தான், கலரு நல்லா இருந்துச்சி,” என்றார் அப்பா.

செந்தூரம் என்ற பெயரில் ஈயச் செந்தூரத்தையும் விற்பார்கள் என்று கல்லூரியில் படித்தவள் நான். அதற்கான கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். அப்பா கீழே குரல் கொடுக்க, பிரஸ் நின்றது. பூஜை நாளைத் தவிர, வேலை நேரத்தில் அது நின்று நான் பார்த்ததே இல்லை.

“உப்புப் போட்டதா சொல்லுவாங்கம்மா. போலீசுக்குப் போவாங்க.”

“உப்பா? நான் எங்கட்டி உப்புப் போட்டேன்? பொட்டுதான வச்சேன்!”

அப்பா கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏ பிள்ள, அந்த எடத்துல ஈயம் இருந்துட்டா பிரச்சன இல்லல்லா?” என்றார்.

“இருந்தா பிரச்சினை இல்லை.”

“நமக்குத் தெரிஞ்ச பழைய பேட்டரிக்காரன் இருக்கான். ஒரு லாரி எடுத்துட்டுப் போயி பொதச்சிருவமா? எம்புட்டு வேணும்?”

“அப்பா, அதுக்குப் பேருதான் உப்புப் போடறது!”

“அப்ப ஊருக்கு ரயிலேத்தி விட்டுருதேன்.”

“செய்யாத தப்புக்கு ஏன் ஓடணும்?” என்றாள் அம்மா. “நான் வந்து சொல்லுதேன்.”

“நீ வந்தா என் மானமே போயிரும். நானே சொல்லிக்கறேன்,” என்றேன் வீரமாக. அந்த வீரம் வெள்ளிக்கிழமை செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் தாங்கியது.

அலுவலகத்தில் முதலாளி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத குஜராத்திக்காரர். வரைபடத்துக்கு மாலை போடாத குறை. நான் “சார்” என்று ஆரம்பித்தேன். ராமநாதன் சார், “இவதான் சார், கண்டுபிடிச்சவ!” என்று ஹிந்தியில் அறிமுகம் செய்தார். முதலாளி எழுந்து எனக்குக் கைகூப்பினார். என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் உட்கார்ந்தார். பேனாவின் மூடியைத் திருகினார்.

கதவு திறந்தது. பட்டுப்புடவையில் அம்மா. பின்னால் சலவைச் சட்டையில் அப்பா, கையில் செந்தூர டப்பா.

“அய்யா, எம்புள்ள உப்பும் போடல, புளியும் போடல. சல்லடைக்குப் பொட்டு வச்சது நாந்தான். புடிச்சிக் கொடுக்கணும்னா என்னையப் புடிச்சிக் கொடுங்க.”

“வாங்கிட்டு வந்தது நானு,” என்றார் அப்பா, பெருமையை விட்டுக்கொடுக்காமல்.

“யாரு இவாள்லாம்? சாந்தி, என்ன சொல்றா இவா?”

சொன்னேன். இந்த முறை குரல் வந்தது, அதுவும் ஒரே மூச்சில். இடுக்கு, கரண்டிப் பிடி, நான் நடந்த வரிசை, எல்லாம். ராமநாதன் சாரின் முகம் வெளுத்தது. வரைபடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “வேலை பண்ற சாமானுக்கு யாராவது பொட்டு வைப்பாளா?” என்று கத்தினார்.

அம்மா அவருக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பக்கத்தில் மைக்ராஸ்கோப்புக்கும் ஒன்று. பேப்பர் குத்தும் மெஷினுக்குக்கூட ஒன்று. ராமநாதன் சார் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“க்யா ஹுவா?” என்று, என்ன ஆயிற்று எனக் கேட்டார் முதலாளி.

ராமநாதன் சார் மொழிபெயர்த்தார். முதலாளி செந்தூர டப்பாவை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் லாக்கப்பின் கம்பிகளே தெரிந்தன. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு அவர் ஹிந்தியில் சொன்னது இவ்வளவுதான்: “மெஷின் வேண்டாம். முதலில் சல்லடையைக் கழுவுங்கள்.”

கழுவினோம். இந்தமுறை ராமநாதன் சாரும் கூட வந்தார். ஒவ்வொரு குழிக்கும் அவரே தண்ணீர் ஊற்ற, நான் தேய்த்தேன். வடக்கு மேட்டு மண் வெறும் மண்ணாகவே இருந்தது. அந்த நிலத்தைக் கம்பெனி விட்டுவிட்டது. என்னை விடவில்லை. அதற்கு என் திறமை காரணமா, அந்தக் கம்ப்யூட்டரின் நெற்றி காரணமா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நல்ல செய்தி எதையும் யாரும் முதல் தடவை நம்புவதில்லை. எனக்கு வரன் வந்தபோது, ஜாதகம் பார்த்த ஜோசியர், “பத்துக்குப் பத்தும் பொருந்துது, இப்படி அமையிறது அபூர்வம்” என்று பூரித்தார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

“இம்புட்டுப் பொருத்தம்லாம் வராது வே. சல்லடையக் கழுவிட்டு மறுக்கா ஒருதடவ பாரும்.”

ஒன்றும் புரியாத ஜோசியர் பயந்துபோய் மறுபடி கணக்குப் போட்டார். ஒன்று குறைந்தது. அப்பாவின் முகம் தெளிந்தது. “இப்பதான் நெசம். முடிச்சிருவோம்.”

என் கணவருக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் ‘ஒண்ணு கொறஞ்ச மாப்பிள்ள’ என்றுதான் பெயர். அந்த ஒன்று எது என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரியும், வசியப் பொருத்தம். சொல்லப் பயமாக இருக்கிறது.