நாலாவது வரிசையின் கண்

அயோவா மாநிலப் பண்ணை வரலாற்றில் அந்த மே மாதக் காலை பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. ஆர்லோ டீக்மனின் பழைய எட்டு வரிசை மக்காச்சோள விதைப்பு இயந்திரம், ஒரு குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் தவம் கிடந்து, 'தரம் உயர்ந்து' வயலில் இறங்கியது. தேய்ந்த தகடுகளுக்குப் பதில் புதியவை, சங்கிலிக்குப் பதில் மோட்டார். டிராக்டருக்குள் ஒரு திரை; அதில் வரிசைக்கு ஒன்றாக எட்டுப் பச்சைக் கட்டங்கள்.

சற்று நேரத்தில் நாலாவது கட்டம் சிவந்தது. 'விதை இல்லை' என்று அலறியது.

ஆர்லோ இறங்கி மண்ணைக் கிளறினார். அரை அடிக்கு ஒன்றாக, சமர்த்தாகக் கிடந்தன விதைகள்.

"விழுந்திருக்கே மாப்ளே!"

"திரை இல்லேங்குதே மச்சான்," என்றார் டுவேன். ஆர்லோ மனைவியின் தம்பி. திரையை வாங்கவைத்த 'மேம்பாட்டு ஆலோசகர்'.

"அப்ப என் கையில இருக்கறது என்ன?"

"நீங்க இன்னும் பழைய முறையிலேயே பாக்குறீங்க!"

பிக்கப் வண்டியின் பின்பலகையில் அவசரக் கூட்டம் கூடியது. இரண்டு உறுப்பினர்கள், நான்கு பன்றிக்கறி சாண்ட்விச். விதைப் பெட்டியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் குழாயில் விதை ஒட்டுகிறது என்று முடிவாயிற்று. விதை வழுக்கி இறங்கப் போடும் வெள்ளைப் பவுடரில் ஒரு குவளை கொட்டினார்கள். மறுபடி சிவப்பு. இன்னும் இரண்டு குவளை. நாலாவது பெட்டி கல்யாணப் பெண்ணாக ஜொலித்தது. கட்டம் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

மேற்கே மேகம் கறுத்தது. காபியோடு வந்த ஆர்லோவின் மனைவி லவோன் கணவரை முறைத்தாள்.

"ஏங்க, மழைக்கு முன்னாடி முடிப்பீங்களா மாட்டீங்களா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப இர்மா அம்மா காரை மெதுவா ஓட்டிக்கிட்டு நம்ம வயலைத்தான் பார்ப்பாங்க. நிலம் அவங்களது. பாதி வயல் வெறுமனே கிடந்தா, குத்தகை எதிர்ப்பக்கத்துக்காரனுக்குப் போயிடும்."

"நாலாவது வரிசையை மட்டும் மறுபடி விதைச்சிடுவோம்," என்றார் டுவேன்.

"விதைச்சதையேவா?"

"திரையில பதிவாகலையே! பதிவாகாத விதை எப்படி மச்சான் முளைக்கும்?"

இந்தத் தத்துவத்தின் ஆழத்தில் ஆர்லோ ஒரு கணம் மூழ்கினார். பிறகு, திரைக்கு இதெல்லாம் யார் சொல்வது என்று யோசித்தார். குழாயின் ஒரு பக்கம் குட்டி விளக்கு. எதிரே ஒரு கண். விதை நடுவே விழும்போது ஒளி மறையும், கண் ஒன்று என்று எண்ணும். ஒளியே வந்து சேராவிட்டால்?

குழாயைக் கழற்றினார். கண்ணின்மேல் வெள்ளையடித்ததுபோல் பவுடர். காலையில் கிளம்பும்போதே பேச்சுவாக்கில் டுவேன் அந்தப் பெட்டியில் பவுடரை இரண்டு தடவை கொட்டியிருந்தார். கட்டம் சிவக்கச் சிவக்க, குருட்டுக் கண்ணுக்கு மேலும் மேலும் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"லவோன், பிளாஸ்க் கழுவுற பிரஷ் இருக்கா?"

குழாய்க்குள் விட்டு இரண்டு இழுப்பு. எட்டுக் கட்டமும் பச்சை. கடைசிச் சாலுக்குப் பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

"என்ன மச்சான் செஞ்சீங்க?"

"காலையிலேருந்து நீ பண்ணினது கண்துடைப்பு மாப்ளே. நான் கண்ணைத் துடைச்சேன்."