இருபத்தைந்தாவது நாற்காலி

வட்டமாகப் போட்டிருந்த இருபத்துநான்கு நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. வாசலில் ஒரு பெண்மணி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இருபத்துநாலு பேர்தான்னு சொன்னீங்களே?" என்று பயிற்சியாளர் தன் கணவரிடம் கிசுகிசுத்தார்.

"மேனேஜர் அனுப்பின லிஸ்ட் அது. நான் பிரிண்ட் எடுத்ததோட சரி."

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'எல்லோரும் நம்மவர்'. மொழி, நிறம், வயது, ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்காமல் ஓர் அலுவலகம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுப்பதுதான் தொழில். நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். அவரும் கணவரும். கணவரின் கருத்து இதுவரை கேட்கப்படவில்லை.

இன்றைய வகுப்பு பிடித்துப்போனால் ஒரு வருட ஒப்பந்தம் என்று இந்த அலுவலகத்தின் மேனேஜர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் மறுபடியும் சாக்பீஸ்தான்.

"வாங்க, வாங்க! இங்க யாரும் வெளிய நிக்கக் கூடாது" என்று பயிற்சியாளர் அந்தப் பெண்மணியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். புரொஜக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியை வட்டத்தில் சேர்த்தார்.

பெண்மணி என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"அவசரமே இல்லம்மா. எப்பத் தோணுதோ அப்பப் பேசுங்க. இங்க கட்டாயம்னு ஒண்ணும் கிடையாது."

பெண்மணி எழுந்தார். தோளை அழுத்தி உட்கார வைக்கப்பட்டார்.

கணவர் பெயர் அட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். பெண்மணிக்கு அட்டை இல்லை. "இவங்க பேர் என்ன சார்?" என்று மேனேஜரைக் கேட்டார்.

யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிற வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, தன் ஊழியரின் பெயர் தெரியாது என்று எந்த மேனேஜர் சொல்வார்? "இவங்களைத் தெரியாமயா? நம்ம அக்கவுண்ட்ஸ்!" என்றார்.

அக்கவுண்டன்ட் திடுக்கிட்டார். "முன்னாடி இருந்தாங்க சார். இப்ப ஸ்டோர்ஸ்" என்று தள்ளிவிட்டார்.

ஸ்டோர்ஸ்காரருக்குத் தள்ளிவிட இடமில்லை. அவரைத் தாண்டி எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா... ரொம்ப அமைதி. இருக்கறதே தெரியாது" என்றார்.

அதுதான் வினையாகிவிட்டது.

பயிற்சியாளர் கையிலிருந்த மார்க்கரை மூடினார். "இருக்கறதே தெரியாது. எத்தனை வருஷமா?"

மேனேஜர் குத்துமதிப்பாக, "ஒரு எட்டு வருஷம் இருக்கும்" என்றார்.

"எட்டு வருஷம்! இன்னும் பேர் தெரியாது!"

பெண்மணியின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயிற்சியாளர் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. உங்களை இந்த நிலைக்கு ஆளாக்கினது யாரு?"

பெண்மணி விரலை உயர்த்தி மேலே காட்டினார்.

"மேலிடமா?"

பலமாகத் தலையாட்டினார். எல்லாத் தலைகளும் மேனேஜர் பக்கம் திரும்பின.

"நான் வேணும்னு எதுவும் பண்ணலைங்க" என்றார் மேனேஜர். அவருக்குக் காதோரம் வியர்த்தது.

பயிற்சியாளர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாதபடி ஆக்கிட்டாங்க. அப்படித்தானே?"

இதற்கும் பெண்மணி தலையாட்டினார். இந்தத் தடவை கண்ணீர் கன்னத்தில் வழிந்தே விட்டது.

அதற்குப் பிறகு அந்த அறை தாங்கவில்லை. அக்கவுண்டன்ட் விம்மினார். "போன மாசம் நீங்க ஓடி வர்றதைப் பார்த்துட்டே லிஃப்ட் கதவை மூடினேன்க்கா. மன்னிச்சுருங்க."

"எல்லாருக்கும் டீ சொல்லுவேன். உங்களை மட்டும் கேட்டதே இல்ல" என்றார் ஸ்டோர்ஸ்காரர், உண்மையாகவே நினைவுக்கு வந்தவர் மாதிரி.

மேனேஜர் எழுந்து நின்றார். "இன்னையிலேர்ந்து ஊழியர் நலக் குழுவுக்கு இவங்கதான் தலைவர். ஜன்னல் பக்கம் தனி ரூம். மேடம், ஒரு வருஷம் எதுக்கு? ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

கைதட்டல் எழுந்தது. பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூட வாழ்க்கையில் பயிற்சியாளருக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. பெண்மணி இரண்டு கையையும் ஆட்டி மறுத்து, "ழா... ழழ்ழு..." என்று ஏதோ சொன்னார்.

"உணர்ச்சியில பேச்சு வரல" என்று பயிற்சியாளர் விளக்கினார்.

"எனக்கென்னவோ..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க."

கைதட்டல் ஓய்வதற்குள் கதவு திறந்தது. மூச்சு வாங்க ஒரு நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இங்கயா இருக்கீங்க? மரத்துப்போற வரைக்கும் வராண்டாவுல நடங்கன்னு ஊசி போட்டு அனுப்பினா, கீழ் மாடிக்கே வந்துட்டீங்களேக்கா! வாங்க, டாக்டர் இடுக்கியும் கையுமா நிக்கறாரு, மரமரப்பு போறதுக்குள்ள பல்லைப் பிடுங்கணும்!"