அட்மிரலும் பத்தரை மணியும்

அட்மிரலின் அனுமதி இல்லாமல் பஹ்ரைனில் ஓர் அலைகூடக் கரையேறியது கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே குடியிருந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் மட்டும் சொன்னதில்லை. காரணம் பொறாமை. இதை ஒப்புக்கொள்ள இந்த வயதில் என்ன வெட்கம்? ரத்தக் கொதிப்பையே ஒப்புக்கொண்டாயிற்று.

அட்மிரல் என்றதும் நெஞ்சில் பதக்கங்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மனாமாவில் கப்பற்படை ஆட்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த ஒரு லாண்டரியில் அவர் இஸ்திரி போடுகிறவர். எவனோ ஒரு கப்பல்காரன் வாங்காமல் விட்டுப்போன வெள்ளைத் தொப்பி அவர் தலையில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. சொந்த ஊர் தென்கோடிக் கடற்கரையில் உவரிப் பக்கம். கறுத்து, மெலிந்து, வெயிலில் காயப்போட்டு எடுக்க மறந்த கயிறு மாதிரி இருப்பார்.

நானோ ஒரு இன்ஜினியரிங் ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன். சென்னைவாசி. வளைகுடா வரலாறு பற்றி அலமாரியில் மூன்று புத்தகங்கள். போர்த்துகீசியர் எப்போது வந்தார்கள், யார் விரட்டினார்கள், எந்தெந்தக் கொடியின் போர்க்கப்பல் எங்கே நங்கூரமிட்டது, எல்லாம் விரல்நுனியில். துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் தெரிந்தவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வருவார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருப்பேன். (அதையும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.) வந்தவர்கள் என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு என்னையே கேட்பார்கள்: "அட்மிரல் இருக்காரா?"

அப்படி என்னதான் சொல்கிறார் இந்த மனுஷர் என்று வேவு பார்க்க, ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன். முஹர்ரக் தீவுக்குப் போகும் பாலத்தில் டாக்ஸியை நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் எறங்குங்க. பாலம் தொறக்கப் போவுது."

"இதிலென்ன பார்க்க இருக்கு? பாலம்னா மூடியிருக்கணும். அதானே அதன் வேலை?" என்றேன்.

"சாரு, பாலம் மூடியிருக்கத நீங்க மெட்ராஸ்லயே பாத்திருப்பிய. இங்க தொறக்கத பாருங்க."

பாலத்தின் நடுத்துண்டு மெல்லத் திரும்பியது. பாய்மரப் படகொன்று நிதானமாக நடுவே புகுந்து போனது. படகிலிருந்த கிழவர் அட்மிரலைப் பார்த்துக் கையை உயர்த்தி, "யா அட்மிரால்!" என்று கத்தினார். கூட வந்த குழந்தைகள் கைதட்டின. நான் மட்டும் கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து படகு கட்டும் ஓர் அரபியின் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே அட்மிரல் எச்சரித்தார். "காவா குடுப்பாவ, அரபிக் காப்பி. போதும்னா வாயால சொல்லப்படாது. கோப்பைய லேசா ஆட்டிக் காட்டணும். ஆட்டலைன்னா ஊத்திக்கிட்டே இருப்பாவ."

இவர் சொல்லி நான் ஆட்டுவதா? "ஷுக்ரான், கலாஸ்", அதாவது நன்றி, போதும் என்று புத்தக அரபியில் மொழிந்துவிட்டு, கோப்பையை மரியாதையாக நீட்டினேன். ஊற்றினார்கள். குடித்தேன். மறுபடி கலாஸ். மறுபடி ஊற்றினார்கள். ஒன்பதாவது கோப்பையில் என் காதுக்குள் யாரோ தவில் வாசித்தார்கள். அட்மிரல் என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார். ஊற்றுவது நின்றது. அன்றைக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அந்த நேரத்தை வீணாக்காமல் பொறாமைப்பட்டேன்.

போர்த்துகீசியக் கோட்டையிலும் இதே கதைதான். நான் ஒரு மணி நேரம் சரித்திரம் சொன்னேன். அவர் கோட்டைச் சுவரில் காற்று வரும் ஒரே ஒரு சந்து இருந்த இடத்தைக் காட்டி, "இங்கன ஒக்காந்து புளிச்சோறு சாப்பிடுங்க" என்றார். ஊருக்குப் போய் எல்லாரும் எழுதிய கடிதங்களில் சந்து இருந்தது. சரித்திரம் இல்லை.

ஆனால் அவருடைய மகுடம் நபி சாலிஹ் தீவுதான். பேரீச்சந்தோப்பும் ஒரு சின்ன தர்காவும் இருக்கிற குட்டித் தீவு. கடல் நன்றாக உள்வாங்குகிற காலைகளில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். எந்த வெள்ளிக்கிழமை போவது என்பதை அவர்தான் சொல்வார். அதற்காக வியாழக்கிழமை சாயங்காலம் இஸ்திரித் துணியோடு எங்கள் வீட்டுக்கு வருவார். சுவரில் தொங்கும் சிவகாசித் தினசரி காலண்டரின் தாள்களைப் புரட்டி, உதட்டை அசைத்துக் கணக்குப் போடுவார். பிறகு என் மனைவி சரோஜா கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டே தீர்ப்பு சொல்வார்.

"இந்த வெள்ளி போலாம் தங்கச்சி. ஆனா பத்தரைக்கு மேல தீவுல நிக்கப்படாது. பத்தரைன்னா பத்தரைதான்."

அவர் போனதும் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். வெள்ளி, ராகுகாலம் 10.30 முதல் 12 வரை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"பாத்தியா சரோ! கடலாம், ஞானமாம்! இந்த ஆள் ராகுகாலம் பாக்கறார். அவ்வளவுதான் விஷயம்."

"அவர் பார்த்தா எதையாவது பார்த்துட்டுப் போறார். உங்களுக்கு ஏன் இவ்ளோ குளுகுளுன்னு இருக்கு?" என்றாள் சரோஜா.

இந்தச் சமயத்தில்தான் குவைத் ஃபஹாஹீலிலிருந்து என் மச்சான், அதாவது சரோஜாவின் அண்ணன், லீவில் எங்களைப் பார்க்க வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம். எங்கள் கல்யாணப் பேச்சின்போது, "கோடு போடறவனுக்கா என் தங்கச்சியைக் குடுக்கறது?" என்று கேட்டவர். எட்டு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நானே தனியாக அவரைத் தீவுக்கு அழைத்துப் போய் ஆளை அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அட்மிரல் வேறொரு கூட்டத்துக்குக் குறித்துக் கொடுத்த அதே வெள்ளிக்கிழமையைச் சத்தமில்லாமல் திருடிக்கொண்டேன்.

காலையில் எல்லாம் அமர்க்களம். வழவழவென்ற மணல்திட்டு, கணுக்கால் தண்ணீர், துள்ளும் குட்டி மீன்கள். மச்சான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "பரவாயில்லையே மாப்ளே!" என்றார். எட்டு வருடத்தில் முதல் பரவாயில்லை. தோப்பு நிழலில் சரோஜா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் போர்த்துகீசியரை ஆரம்பித்தேன்.

சரியாகப் பத்தேகால். அட்மிரல் தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தார்.

"சாரு, கெளம்புங்க. நேரமாச்சு."

"நீங்க போங்க அட்மிரல். எங்களுக்கு ராகுகாலம் எமகண்டமெல்லாம் கிடையாது" என்று மச்சானைப் பார்த்துக் கண்சிமிட்டினேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அட்மிரலுக்கு ஒன்றும் புரியாதது போலிருந்தது. "ராகுகாலமா? சாரு, வெளையாடாதிய. பொம்பளப்புள்ள இருக்கு. வாங்க."

"யல்லா, யல்லா. போங்க" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். போய்விட்டார். ராகுகாலத்தை முறியடிக்க நான் வேண்டுமென்றே பதினொன்றேகால் வரை பேசினேன்.

திரும்பி வந்து பார்த்தால் நாங்கள் நடந்து வந்த மணல்திட்டைக் காணோம். சத்தமில்லை, அலையில்லை. யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போனது மாதிரி தண்ணீர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இறங்கினோம். பாதி வழியில் தொடை. இன்னும் கொஞ்சத்தில் இடுப்பு. தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது. சரோஜா என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது.

மச்சான் காமிராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மிக மெதுவாகக் கேட்டார்: "மாப்ளே, வழி தெரியுமில்ல?"

எட்டு வருடக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் மணல்திட்டைக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன்.

அப்போது கரைப்பக்கமிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி மிதந்து வந்தது. தொப்பிக்குக் கீழே அட்மிரல். அவருக்குப் பின்னால் கயிற்றில் இரண்டு கழுதைகள். தண்ணீரில் நடந்தே பழகிய பெரிய வெள்ளைக் கழுதைகள். கரைக் கிராமத்தில் இரவல் வாங்கியிருக்கிறார்.

என் மானம் கப்பலேறப் போகிறது என்று தெரிந்துவிட்டது. ராகுகாலத்தைச் சொல்லிக் கேலி செய்தவன். மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். அட்மிரல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

அவர் கிட்டே வந்து தொப்பியைத் தொட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாரு, நீங்க சொன்ன மாதிரியே கழுதைய கொண்டாந்துட்டேன். கொஞ்சம் பிந்திட்டு. மன்னிக்கணும்."

மச்சானின் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா! கழுதை சவாரியும் ஏற்பாடா? இதுக்காகத்தான் நிக்க வெச்சீங்களா மாப்ளே? நான் வேற பயந்தே போயிட்டேன்!"

நான் "ம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அந்த ஒற்றை எழுத்துதான். ஒரு கழுதையில் சரோஜா. இன்னொன்றில் மச்சான். அட்மிரல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் இரண்டாவது கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தேன்.

மச்சான் விமானம் ஏறிய மறுநாள் லாண்டரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் கோர்த்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"அந்தப் பேண்டு எங்க? உப்புத்தண்ணி ஊறுனா நூலு வீணாப் போவும். கொண்டாங்க."

"அட்மிரல், நீங்க பார்த்தது ராகுகாலம்னு நினைச்சேன்."

"அது எனக்கெங்க பாக்கத் தெரியும்? நான் வேதக்காரன் சாரு, சர்ச்சுக்குப் போறவன். அமாவாச, பௌர்ணமி என்னிக்குன்னு பாப்பேன். அதவச்சுத்தான் கடலு எம்புட்டு வத்தும், எப்பம் ஏறும்னு கணக்கு. ஒங்க வூட்லதான் காலண்டரு இருக்கு."

மூன்று வருடம் என் வீட்டில் காபி குடித்த மனுஷர். என்ன சாமி கும்பிடுகிறார் என்று கேட்டதில்லை. பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"எங்க மச்சான்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஊதினார். "பொண்ணு குடுத்த வீட்டாளு முன்னால ஒருத்தன் தலைகுனியலாமா சாரு? நனைஞ்சது பேண்டோட போவட்டும்."

பிரிட்டிஷ்காரர்கள் போனார்கள், கப்பற்படைத் தளத்தில் கொடி மாறியது. லாண்டரியும் கை மாறியது. அவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மச்சான் இன்றைக்கும் கல்யாணம் காதுகுத்து எங்கே பார்த்தாலும் பத்துப் பேரை நிறுத்தி, "எங்க மாப்பிள்ளை மாதிரி ஏற்பாடு பண்ண ஆள் கிடையாது. நடுக்கடல்ல கழுதை கொண்டாந்தார்!" என்பார். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவர். மச்சான், அந்தக் கழுதைகள் என்னுடையவை இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வீடு கட்டியவர்கள், பதவி வாங்கியவர்கள், என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள். பொறாமைப்பட அவ்வளவு தகுதியான ஆள் மறுபடி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.